பரீட்சை மீதி சமப்படுகிறது, பெட்டியில் 27,000 குறைகிறது

அம்பாறை மாவட்டக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வயது 26, கணக்கியல் டிப்ளோமா படித்தவர், ஒன்றரை வருடமாக ஒரு நெல் ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். ஊரையும் ஆலையையும் அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"பெரும்போக அறுவடை நேரம் எங்களுக்கு ஒரு நாளைக்கு 50, 60 வவுச்சர் வரும். விவசாயிகளுக்குக் காசு கொடுப்பது கணக்கப்பிள்ளை ஐயா, கம்பியூட்டரில் பதிவது நான். மாசக் கடைசியில் பெட்டிக் காசை எண்ணினால் 27,000 ரூபா குறைகிறது. பத்தாம் திகதி எண்ணியபோது சரியாக இருந்தது. பரீட்சை மீதி (எல்லாக் கணக்கு மீதிகளையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் போட்டு ஒப்பிடும் பட்டியல்) சமப்படுகிறது, எக்செல் கூட்டல் பிழைக்காது, ஆகவே பதிவில் பிழையில்லை, காசுதான் எங்கேயோ போயிருக்கு என்று ஐயா முதலாளியிடம் சொல்லிவிட்டார். பெட்டிச் சாவி சில நேரம் என் மேசையிலும் இருக்கும். முதலாளி மூன்று மாசத்தில் என் சம்பளத்தில் கழிக்கப் போவதாகச் சொல்லி, 'குறைந்த காசுக்கு நானே பொறுப்பு' என்று ஒரு கடிதம் கேட்கிறார். அதைத் தொங்கற் கணக்கில் போட்டு மாசத்தை மூடிவிட்டுப் பிறகு பார்க்கலாமா?

இதைத் தேடும்போது இன்னொன்றும் கண்டேன். சம்பளப் பட்டியலில் சேமலாப நிதியை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணக்கிட்டிருக்கிறோம். பழைய ஷீட்டை நான்தான் மாசா மாசம் கொப்பி பண்ணி வந்தேன். 11 பேர், 14 மாசம். இந்த நேரத்தில் இதையும் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கு. சின்ன ஆள் நான், 22 வருடம் வேலை செய்தவரின் கணக்கைப் பிழை என்று எப்படிச் சொல்வது?"

தங்கச்சி, முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றால், வைக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், அதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குப் பட்டது, இந்தக் காசு காணாமல் போயிருக்கிறதா என்பதே இன்னும் நிச்சயமில்லை என்பதுதான். யாருமே இன்னும் அதைத் தேடவில்லை. ஷீட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சமப்பட்டால் சரி என்று யார் சொன்னது?

பரீட்சை மீதி சமப்படுகிறது என்றால் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் ஒரே தொகையாகப் பதியப்பட்டிருக்கின்றன என்று மட்டும்தான் பொருள். அந்தத் தொகை சரியான தொகையா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் டிப்ளோமாவில் படித்திருப்பீர்கள், மூலப் பதிவு வழு என்று, முதல் பதிவிலேயே தொகை பிழையாக விழுவது. வவுச்சரில் 85,500 இருக்கிறது, காசேட்டில் (காசு வரவையும் கொடுப்பனவையும் எழுதுகிற ஏடு) 58,500 என்று விழுகிறது, அதே 58,500 நெல் கொள்வனவுக் கணக்குக்கும் போகிறது. இரண்டு பக்கமும் அழகாகச் சமப்படும். ஆனால் பெட்டியிலிருந்து போனது 85,500. பெட்டியில் 27,000 குறையும், ஏட்டில் ஒரு கீறலும் தெரியாது. விடுபட்ட பதிவும் இப்படித்தான், பிழையான விவசாயியின் பெயரில் விழுந்த பதிவும் இப்படித்தான், ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரண்டு பிழைகளும் இப்படித்தான். இதையெல்லாம் பரீட்சை மீதி காட்டித் தராது.

அதனால் தொங்கற் கணக்கு யோசனையை விட்டுவிடுங்கள். பரீட்சை மீதி சமப்படாதபோது, தேடி முடிக்கும்வரை வித்தியாசத்தை நிறுத்தி வைக்கிற இடம் அது. உங்களுடையது ஏற்கனவே சமப்பட்டுத்தான் இருக்கிறது, குறைவது கையிருப்புக் காசு. அதைக் காசுக் குறைவு என்றே, திகதி போட்டு, எழுத்தில் காட்டுங்கள். மறைத்து மூடிய மாசம், நாளைக்கு வேறு யாராவது திறந்து பார்க்கும்போது உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

எக்செல் பிழைக்காது என்பதும் பாதிதான் உண்மை. நீங்கள் கூட்டச் சொன்னதை அது பிழையில்லாமல் கூட்டும். கடைசி வரிக்குக் கீழே புதிதாகச் சேர்த்த வரிகளைக் கூட்டச் சொல்லவில்லை என்றால் சில வேளை விட்டுவிடும். எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாகச் சேமிக்கப்பட்ட தொகையைக் கூட்டலில் எடுக்காது; கலத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கிற தொகைகளைப் பாருங்கள், பெரும்பாலும் அவைதான். சூத்திரம் இருந்த கலத்தில் அவசரத்துக்கு யாரோ கையால் ஒரு எண்ணைத் தட்டியிருப்பார்கள், அது அப்படியே மாசக்கணக்கில் கிடக்கும். இதற்கு ஒரு லேசான வழி, கூட்டல் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே 'கவுண்ட்' சூத்திரத்தையும் போடுங்கள். இன்றைக்கு 57 வவுச்சர், கவுண்ட் 56 என்று காட்டினால் கூட்டுத்தொகையைப் பார்க்கவே வேண்டியதில்லை, ஒன்று வெளியே நிற்கிறது.

27,000 தானே ஒரு துப்பு

இனி அந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 27,000 ஒன்பதால் மீதியில்லாமல் பிரிகிறது. இரண்டு பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் பிரியும், ஒரு பூச்சியம் கூடினாலோ குறைந்தாலோ வருகிற வித்தியாசமும் அப்படித்தான். ஏனென்றால் 10ஐ 1 ஆக்குகிறபோதும் 1ஐ 10 ஆக்குகிறபோதும் மாறுவது 9. ஒன்பதால் பிரிந்துவிட்டது என்பதற்காக இடமாறல்தான் என்று முடிவு கட்டவும் கூடாது, எந்த எண்ணுக்கும் ஒன்பதில் ஒரு தடவை அது தற்செயலாகவும் நடக்கும். ஆனால் தேடத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

27,000ஐ ஒன்பதால் பிரித்தால் 3,000. அதாவது பத்தாயிரம், ஆயிரம் ஆகிய இரண்டு இடங்களிலும் இருக்கிற இலக்கங்களுக்கு இடையே 3 வித்தியாசம். கொடுப்பனவுப் பக்கத்தில் உண்மைத் தொகை பெரிது, பதிந்தது சிறிது என்று இருந்தால்தான் பெட்டியில் குறையும். ஆகவே காசேட்டின் கொடுப்பனவுப் பக்கத்தில் 14, 25, 36, 47, 58, 69 ஆயிரத்தில் தொடங்குகிற பதிவுகளை மட்டும் எடுத்து, வவுச்சரில் அவை 41, 52, 63, 74, 85, 96 ஆயிரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வரவுப் பக்கத்தில் இது தலைகீழ்: 41, 52 என்று பதிந்தது பற்றுச்சீட்டில் 14, 25 ஆக இருக்கலாம். அப்புறம் 3,000 என்று விழுந்த முற்பணம் ஏதாவது உண்மையில் 30,000மா என்று பாருங்கள். அதுவும் சரியாக 27,000தான்.

இதில் அகப்படாவிட்டால் 27,000 என்ற தொகையிலேயே பதியாமல் விடுபட்ட வவுச்சர் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையா, பாதியைத் தேடுங்கள், 13,500. ஒரு கொடுப்பனவை வரவாகப் பதிந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். பத்தாம் திகதி காசு சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய உதவி, அதற்கு முந்திய கட்டுகளைத் தொடவே வேண்டாம்.

உங்களிடம் காசைத் தொடாத இன்னொரு சாட்சியும் இருக்கிறது, நெல்லே அது. உதாரணத்துக்கு ஒரு மூடை 60 கிலோ, கிலோ 75 ரூபா என்று வைத்தால் 19 மூடை 1,140 கிலோ, 85,500 ரூபா. அதை 58,500 என்று பதிந்திருந்தால் 13 மூடைக்குத்தான் காசு கொடுத்ததாக ஏடு சொல்லும். தராசுக் கொப்பியில் ஆறு மூடை அதிகமாக நிற்கும். அன்றன்றைய மொத்தக் கிலோவை விலையால் பெருக்கி அன்றைய மொத்தக் கொடுப்பனவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த நாளில் விலகுகிறதோ அந்த நாளின் கட்டை மட்டும் பிரித்தால் போதும். ஈரப்பதத்துக்குக் கழித்தது, அன்றைக்கே மாறிய விலை என்று சின்னச் சின்ன விலகல்கள் எல்லா நாளிலும் இருக்கும், அவற்றில் மினக்கெடாதீர்கள். 27,000 விலகினால் தெரியாமல் போகாது.

தேடும்போது தனியாகத் தேடாதீர்கள். ஒருவர் வவுச்சரைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் ஏட்டைப் பார்த்து டிக் போட வேண்டும். நாம் பதிந்ததை நாமே வாசித்தால் கண் பிழையைத் திருத்திக்கொண்டே வாசிக்கும், மூன்று தடவை பார்த்தாலும் 58 நமக்கு 85 ஆகத்தான் தெரியும்.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1999இல் நான் ஒரு விநியோக நிறுவனத்தில் உங்களைப் போலத்தான் கணக்கு எழுதினேன். கடைகளில் காசு சேகரித்து வருகிற தம்பி ஒருவன் இருந்தான், அவனுடைய பொறுப்பில் 900 ரூபா குறைந்தது. அன்றைக்கு 900 சின்னக் காசில்லை. நான் ஏட்டைத் திரும்பவும் கூட்டிப் பார்த்து, கூட்டல் சரி என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவனை நிறுத்திவிட்டார்கள். வருடக் கடைசிக் கணக்காய்வில்தான் தெரிந்தது, அவன் கொண்டு வந்தது 4,500, நான் பதிந்தது 5,400. ஒன்பதால் பிரித்துப் பார்க்கிற இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால், பற்றுச்சீட்டுக் கட்டை ஒரு பத்து நிமிடம் பிரித்திருந்தால்! அவனைத் தேடி வீட்டுக்குப் போனேன், குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார்கள் என்றார்கள்.

அந்தக் கடிதமும் சம்பளக் கழிவும்

நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் சம்பளக் கணக்குகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்லலாம். கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சம்பளத்திலிருந்து முதலாளி நினைத்ததை நினைத்தபடி கழிக்க முடியாது. உங்களைக் கேட்காமல், விசாரிக்காமல், பெட்டியில் குறைகிறது என்பதற்காக மட்டும் கழித்தால் நீங்கள் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குச் செலவில்லை.

கையெழுத்து வேறு விஷயம். "நானே பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தால் அது கழிவுக்குச் சம்மதமாகவும் எடுக்கப்படும், அதைவிட மோசமாக, காசை எடுத்ததற்கு ஒப்புதல் மாதிரியும் பின்னால் வாசிக்கப்படும். நம்பி ஒப்படைத்த காசைக் கையாடினார் என்பது தண்டனைக் கோவையில் பாரமான குற்றச்சாட்டு. முதலாளி நல்லவராக இருக்கலாம், உங்களை மகள் மாதிரி நினைக்கலாம், ஆனால் தாள் அவருக்குப் பிறகும் இருக்கும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இன்ன திகதியில் எண்ணினோம், இவ்வளவு குறைந்தது, சாவி இன்னார் இன்னாரிடம் இருந்தது, இன்ன திகதிக்குள் வவுச்சர்களைச் சரிபார்க்க அனுமதி கேட்கிறேன். கொப்பி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஆனால் ஆலையின் வவுச்சரையோ ஏட்டையோ வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

சேமலாப நிதியைச் சொல்வதா, விடுவதா?

சொல்லுங்கள். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்பதில்தான் யோசிக்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8%, முதலாளி 12%. அதைப் போன்ற இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3%. இவை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமல்ல, மொத்த உழைப்பூதியத்துக்குக் கணக்கிட வேண்டியவை. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, சாப்பாட்டுக் கொடுப்பனவு எல்லாம் அதில் சேரும், ஓவர்டைம் சேராது. நீங்கள் எழுதிய கணக்கின்படி அடிப்படை 35,000, இந்த இரண்டு கொடுப்பனவும் சேர்ந்து 8,000. அப்படியானால் 43,000க்குப் பார்க்க வேண்டும். 8,000இன் 20% ஆளுக்கு மாதம் 1,600. பதினொரு பேர், பதினான்கு மாதம் என்றால் 246,400. நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் ஆளுக்கு 240, அது 36,960. இரண்டும் 283,360. பெட்டியில் குறைந்த 27,000ஐப் போலப் பத்து மடங்குக்கு மேல். இதை யாரும் எடுக்கவில்லை, யாரும் சத்தம் போடவில்லை, ஏனென்றால் எண்ணிப் பார்க்க ஒரு பெட்டி இல்லை. மூடை தூக்குகிற ஆட்களின் வயதான காலத்துக் காசு இது, உங்களுடையதும்தான்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைத் திருத்தினால் ஒவ்வொருவர் கைக்கும் வருகிற சம்பளம் மாதம் 640 ரூபா குறையும். சிலர் உங்களைத்தான் குறை சொல்வார்கள். அந்த 640 அவர்கள் பெயரிலேயே சேர்கிறது என்பதையும், அதோடு முதலாளி போடவேண்டிய 960 இதுவரை வராமலே போனதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

முதலாளியிடம் இதைக் குற்றச்சாட்டாக வைக்க வேண்டாம், செலவுக் கணக்காக வையுங்கள். ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும், பிந்தினால் தாமதத்தைப் பொறுத்து 5% முதல் 50% வரை மேலதிகக் கட்டணம் ஏறும். தொழில் திணைக்களம் வந்து கேட்டால் முதலாளியிடம்தான் கேட்கும், ஊழியர் பங்கையும் சேர்த்து. தானாக முன்வந்து கட்டுவது அவருக்குத்தான் லாபம். பழைய ஷீட்டைக் கொப்பி பண்ணியது நான் என்பதையும் மறைக்காமல் சேர்த்து எழுதுங்கள். நீங்களே கண்டுபிடித்து நீங்களே சொன்ன பிழைக்கும் பிறகு ஒருவர் வந்து கண்டுபிடித்த பிழைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, 27,000 விவகாரம் நடக்கும்போதே இதையும் தூக்கிப் போட்டால் பழிக்குப் பழி என்று நினைப்பார்கள் என்ற உங்கள் பயம் நியாயமானது. ஒரு கிழமை பொறுக்கலாம், ஒரு போகம் பொறுக்க முடியாது. அடுத்த சம்பளப் பட்டியல் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தெரிந்துகொண்டே ஒரு மாதம் பிழையாகப் போட்டவர் ஆகிவிடுவீர்கள்.

இந்தச் சமயத்தில் சம்பள ஷீட்டில் இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள், எங்கள் பக்கத்தில் நான் அடிக்கடி காண்கிற பிழை. "கைக்கு 46,000 வரவேண்டும்" என்று முதலாளி சொன்னால் 46,000உடன் 8% கூட்டி 49,680 என்று போடுவார்கள். சரியான விடை 50,000. ஏனென்றால் 8% கழிப்பது மொத்தத்திலிருந்து, 46,000ஐ 0.92ஆல் பிரிக்க வேண்டும். வற் வரியிலும் இதே பிழைதான், 18% சேர்ந்த 118,000 ரூபா பில்லில் வரி 18,000, ஆனால் 118,000க்கே 18% பார்த்து 21,240 என்று எழுதிவிடுவார்கள். விடையை எப்போதும் திருப்பிப் போட்டுப் பாருங்கள், புறப்பட்ட எண்ணுக்கே வந்து சேர்கிறதா என்று.

வேலை போய்விட்டால்? அப்படி நடக்கக்கூடாது, நடந்தால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

கணக்கப்பிள்ளை ஐயாவிடம் எப்படிப் பேசுவது?

2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரண்டு பெரிய பொருளியலாளர்கள் நாடுகளின் கடனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள், அரசாங்கங்களே அதை மேற்கோள் காட்டின. 2013இல் தோமஸ் ஹேர்ன்டன் என்ற மாணவர், படிப்பின் பகுதியாக அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரிச் சூத்திரம் ஐந்து வரி முன்னதாகவே நின்றுவிட்டிருந்தது, ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அந்தப் பிழையை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அனுபவம் கூடினால் பிழை குறையலாம், இல்லாமல் போகாது. அவர்களும் கோப்பைக் கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் இதில் பெரிதாக நினைக்கிறேன்.

ஐயாவிடம் "உங்கள் கணக்குப் பிழை" என்று போகவேண்டாம். "ஐயா, நான் எங்கேயோ மாற்றித் தட்டியிருக்கிறேன் போல, நீங்கள் வவுச்சரை வாசித்தால் நான் ஏட்டைப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். அது உண்மையும்கூட, பதிந்தது நீங்கள்தானே. 22 வருடம் அந்த வவுச்சர்களை எழுதிய கை, எந்த விவசாயி எத்தனை மூடை கொண்டுவந்தார் என்று அவருக்கு நினைவிருக்கும், அந்த நினைவு உங்களுக்குத் தேவை.

இனி மாசக் கடைசிவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் பெட்டியை மூடும்போது 5,000 தாள் எத்தனை, 1,000 எத்தனை, 500 எத்தனை என்று எழுதி, எண்ணியவரும் பார்த்தவரும் இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். சாவி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும், கைமாறினால் நேரம் போட்டு எழுத வேண்டும். வங்கிக் கூற்றை முதலாளியே உறை பிரித்துப் பார்க்கட்டும். இரண்டு பேர் மட்டுமே உள்ள அலுவலகத்தில் காசைக் கையாள்பவரையும் பதிபவரையும் பிரிப்பது கஷ்டம்தான், அதற்குத்தான் மூன்றாவது கண்ணாக அவர் வரவேண்டும். இதை ஐயாவின் மேலுள்ள சந்தேகமாகவோ உங்கள் மேலுள்ள சந்தேகமாகவோ யாரும் எடுக்கத் தேவையில்லை. அந்தக் கையெழுத்து இரண்டு பேரையும் காக்கும்.

இந்தச் சனிக்கிழமை நெல் வரத்து குறைந்த நேரம் பார்த்து இரண்டு மணித்தியாலம் கேளுங்கள். பத்தாம் திகதியிலிருந்து கட்டுகளை எடுங்கள். ஒரு தாளில் 14, 25, 36, 47, 58, 69 என்று எழுதி மேசையில் வைத்துக்கொண்டு, ஐயாவை வாசிக்கச் சொல்லுங்கள்.